கிளிக் விளம்பரத்தால் வாடிக்கை பெருக்குதல்

விளைத்த பொருளாயினும் நெய்த பொருளாயினும், அது விலையாகிப் பணம் கைக்கு வந்த பின்னரே பட்ட பாடு பயன் தந்ததாகும். ஆகவே வாங்குவோர் எங்கிருக்கிறார் என்று கண்டு அவரிடம் சென்று சேர்வது, உழவையும் எருவையும் போலத் தொழிலின் ஓர் அங்கமேயாம். திருப்பூர் ஜில்லாவில் இக்கருத்து விசேஷமாகப் பொருந்துகின்றது. 2009 ஆம் ஆண்டில் தனி ஜில்லாவாக அமைந்த இப்பகுதியில், தோட்டமும் பனியன் மெஷினும் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பது சாதாரணக் காட்சி. தந்தையார் தென்னையையும் கறவையையும் கவனிக்க, மகனோ மருமகனோ பத்து ஓவர்லாக் மெஷின் போட்டு டி சர்ட்டு தைப்பதை அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கேயம் ஆகிய தாலூகாக்களில் எங்கும் காணலாம். இரண்டு தொழிலுக்கும் முதல் ஒரே பெட்டியிலிருந்து வருவதால், ஒன்றில் ஏற்படும் நஷ்டம் மற்றொன்றையும் தாக்குகின்றது.

2025 ஆகஸ்டு 27 ஆம் தேதி முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது 50 சதவிகிதம் சுங்கவரி விதித்தபோது, வெளிநாட்டு ஆர்டரை மட்டும் நம்பியிருப்பதன் அபாயம் திருப்பூருக்கு நன்கு விளங்கிற்று. அத்தகைய காலங்களில் உள்நாட்டு வாடிக்கையைத் தேடும் சிறு தொழிலாளர் பலர் கையாள முற்படும் சாதனம் இணையத் தேடல் விளம்பரம். இதனை முறையறிந்து செய்தால் அனுகூலம் உண்டு. முறையறியாது செய்தால் பெட்டியில் உள்ள பணம் ஓட்டைச் சாலில் இறைத்த நீர்போல ஒழுகிப் போகும். ஆதலால் இதன் தன்மையையும் கணக்கையும் இங்கு விவரிப்போம்.

விளம்பரத்தின் தன்மை

கிராமத்தில் தண்டோரா போட்டால் வேண்டுவோர், வேண்டாதோர் அனைவர் காதிலும் விழும். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் காளையை ஓட்டிச் சென்றாலோ, அங்கு வந்திருப்போர் மாடு பார்க்கவே வந்தவர்கள். பத்திரிகை விளம்பரமும் சுவர் விளம்பரமும் தண்டோராவை ஒத்தவை. தேடல் விளம்பரம் சந்தையை ஒத்தது. ஒருவர் கைபேசியில் கூகுள் பக்கத்தைத் திறந்து, தமக்கு வேண்டிய பொருளின் பெயரை எழுதித் தேடும் அந்தக் கணத்தில், அவருக்கு விடையாக வரும் பட்டியலின் தலைப்பிலோ அடியிலோ நமது விளம்பரம் தோன்றும். விலைகொடுத்துப் பெற்ற இடம் என்பதற்கு அடையாளமாக ‘ஸ்பான்சர்டு’ என்னும் குறிப்பு உடன் இருக்கும்.

நாடி வருபவரே நல்ல வாடிக்கையாளர் என்பதற்குத் திருப்பூரின் சரித்திரமே சான்று. 1978 ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து வெரோனா என்னும் வணிகர், பம்பாய் ஏற்றுமதியாளர் வழியே வெள்ளை டி சர்ட்டுகளை நாடித் திருப்பூருக்கு வந்ததிலிருந்தே இவ்வூரின் ஐரோப்பிய ஏற்றுமதி தொடங்கியதாகச் சொல்லுவர். அவர் திருப்பூரை அறிந்து வந்துசேர இடையில் ஆட்கள் வேண்டியிருந்தனர். இன்று தேடுபவர் தம் வேட்கையைத் தாமே எழுதிக் காட்டுகிறார். அவ்வெழுத்தைக் கண்டு அவர்முன் நிற்பதே நாம் செய்யவேண்டியது.

விளம்பரம் கண்ணிற் பட்டதற்குப் பணம் இல்லை. பார்த்தவர் அதனைத் தொட்டு நமது பக்கத்திற்குள் வந்தால் மட்டுமே, அதாவது ஒரு கிளிக் நிகழ்ந்தால் மட்டுமே, கட்டணம் உண்டு. இம்முறையை 1998 இல் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவர் தொடங்கிய கோடூ என்னும் நிறுவனம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூகுள் கம்பெனியார் 2000 அக்டோபர் 23 இல் 350 விளம்பரதாரருடன் ஆட்வேர்ட்ஸ் என்னும் பெயரில் தமது ஏற்பாட்டைத் தொடங்கி, 2002 இல் கிளிக் கணக்கில் கட்டணம் வாங்கும் முறைக்கு வந்தனர். 2018 முதல் அதன் பெயர் கூகுள் ஆட்ஸ். தமிழில் விளம்பரம் எழுதவும் அவ்வாண்டிலேயே இடமளிக்கப்பட்டது.

ஏலம் நடைபெறும் விதம்

ஒவ்வொரு தேடுதலுக்கும் கணப்பொழுதில் ஓர் ஏலம் நடக்கின்றது. ‘ஒரு கிளிக்குக்கு நான் இவ்வளவுவரை கொடுப்பேன்’ என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே குறித்து வைத்திருப்பர். ஆயினும் கோழி ஏலம், புளியமர ஏலம் போல அதிகம் கேட்டவருக்கே முதலிடம் என்பதில்லை. விளம்பரம் தேடியவரின் கேள்விக்கு எவ்வளவு பொருத்தமானது, அதனைத் தொடக்கூடியவர் எத்தனை பேர், தொட்டுச் சென்றால் உள்ளே இருக்கும் பக்கம் பயனுள்ளதா என்னும் தரமும் சேர்த்து எடைபோடப்படுகின்றது.

எளிமையாக ஓர் உதாரணம் கூறுவோம். முத்துசாமி 40 ரூபாய் கேட்கிறார். அவர் விளம்பரத்தின் தரம் 4. பழனிசாமி 25 ரூபாயே கேட்கிறார். ஆனால் தரம் 8. பெருக்கிப் பார்த்தால் முன்னவருக்கு 160, பின்னவருக்கு 200. ஆகவே பழனிசாமியின் விளம்பரமே மேலே நிற்கும். அன்றியும், கீழே உள்ளவரைத் தாண்டுவதற்கு வேண்டிய அளவே அவர் கொடுக்க நேரும். 160 ஐ 8 ஆல் வகுக்க வரும் 20 ரூபாய்க்குச் சற்று மேல் போதும். கூகுளின் உண்மைக் கணக்கில் வேறு அம்சங்களும் உண்டெனினும் சாரம் இதுவே. ஒழுங்கான பக்கத்தை உடையவர் குறைந்த செலவில் மேலிடம் பெறுகிறார்; பணத்தை மட்டும் நம்புபவர் அதிகம் கொடுத்துக் கீழே நிற்கிறார்.

முதலில் செய்யவேண்டிய கணக்கு

ஏக்கருக்கு எவ்வளவு உரம் இடலாம் என்பதை விளைச்சலின் விலையைக் கொண்டே தீர்மானிக்கிறோம். அதுபோல, ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நமது லாபத்தைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும். பக்கத்துக் கம்பெனியார் எவ்வளவு கொடுக்கிறார் என்பது இதற்கு அளவுகோலன்று. கீழ்வரும் தொகைகள் முறையை விளக்குதற்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கை இட்டுப் பார்க்க.

முதலாவது, மொத்த ஆர்டர். விளையாட்டுக் குழுக்களுக்கும் பள்ளிகளுக்கும் நூறு நூறாக டி சர்ட்டு தைத்துக் கொடுப்பவர் ஒருவர். நூல், நிட்டிங், சாயம், தையல், பிரிண்டிங், லாரி வாடகை எல்லாம் போக டி சர்ட்டு ஒன்றுக்கு 30 ரூபாய் நிற்கின்றது. ஓர் ஆர்டருக்கு 3,000 ரூபாய். அவர் பக்கத்திற்கு 100 பேர் வந்தால் 10 பேர் டெலிபோனில் விசாரித்து, அவர்களில் 2 பேர் ஆர்டர் கொடுப்பதாகக் கொள்வோம். ஆகவே 100 கிளிக்குக்கு லாபம் 6,000 ரூபாய். கிளிக் ஒன்றுக்கு 60 ரூபாய். அறுபது ரூபாய் கொடுத்தால் லாபம் முழுவதும் விளம்பரத்திற்கே போய்விடும். பாதியாவது கையில் நிற்கவேண்டுமானால் 30 ரூபாய்க்கு மேல் கேட்கலாகாது. இதன்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் விதிகளுக்குட்பட்டு உள்ளீட்டு வரியாக அதனைக் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாதவருக்கு 30 ரூபாய் என்பது உண்மையில் 35 ரூபாய் 40 காசு.

இரண்டாவது, ஒற்றைப் பனியன் விற்பனை. பனியன் ஒன்றுக்கு 40 ரூபாய் லாபம்; நூறு பேர் வந்தால் 3 பேர் ஒவ்வொன்று வாங்குகிறார்கள். மொத்த லாபம் 120 ரூபாய். கிளிக்குக்கு 1 ரூபாய் 20 காசு. கிளிக் ஒன்று 10 ரூபாய்க்குக் கிடைத்தாலும் ஆயிரம் செலவிட்டு நூற்றிருபது பெறுவதாகும். இத்தகைய வியாபாரத்திற்கு இவ்விளம்பரம் ஏற்றதன்று. சிறு தொழிலாளர் பலர் கைமுதல் இழப்பது இவ்விடத்திலேதான்.

மூன்றாவது, தோட்டத்துப் பொருள். காங்கேயம் பக்கத்தில் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயை ஐந்து லிட்டர் டின்னாக அனுப்புபவருக்கு, டின் ஒன்றுக்கு 300 ரூபாய் நிற்பதாகக் கொள்வோம். நூறு பேரில் 4 பேர் வாங்கினால் 1,200 ரூபாய். கிளிக்குக்கு 12 ரூபாய். ஆனால் அந்நால்வரில் இருவர் எண்ணெயின் மணத்தில் திருப்தியடைந்து, இரண்டு மாதத்திற்கு ஒருமுறையாக அவ்வாண்டில் இன்னும் ஐந்து டின் வீதம் வாங்கினால், மேலும் 3,000 ரூபாய் சேரும். அப்போது கிளிக்குக்கு 42 ரூபாய் ஆகின்றது. முதல் விற்பனைக்கே விளம்பரச் செலவு. திரும்ப வருபவருக்குச் செலவில்லை. ஆகவே வாங்கியவரின் பெயரையும் எண்ணையும் அவர் சம்மதத்துடன் நோட்டில் எழுதி வைத்து, டின் தீரும் காலத்தில் தாமே ஒருமுறை விசாரிப்பவருக்கு இவ்விளம்பரம் கட்டும். அது செய்யாதவருக்குக் கட்டாது. ஊத்துக்குளி வெண்ணெய், முருங்கைப் பொடி முதலியவற்றுக்கும் இக்கணக்கே பொருந்தும். உணவுப்பொருள் விற்போர் உணவுப் பாதுகாப்பு உரிம எண் பெற்று லேபிளில் அச்சிடுதல் அவசியம்.

சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

எந்தச் சொற்களைத் தேடுவோர்முன் நமது விளம்பரம் வரவேண்டும் என்று நாமே குறித்துக் கொடுக்கவேண்டும். இவை தேடுசொற்கள், விளம்பரக்காரர் வழக்கில் கீவேர்டு. விதையில் கலப்பு இருந்தால் பயிர் எப்படியோ, சொல்லில் கலப்பு இருந்தால் செலவும் அப்படியே. ‘டி சர்ட்டு’ என்று மட்டும் குறித்தால், ஒன்று வாங்க வருபவரும், படம் பார்க்க வருபவரும், துவைக்கும் முறை கேட்பவரும் தொடுவார்கள். ஒவ்வொரு தொடுகைக்கும் பணம் நம்முடையது. ‘நூறு டி சர்ட்டு மொத்த விலை திருப்பூர்’, ‘பள்ளி விளையாட்டு டி சர்ட்டு தயாரிப்பாளர்’ என்று நீளமாகக் குறித்தால் வருவோர் குறைவர். வருவோரில் வாங்குவோர் மிகுவர்.

வாங்குபவரின் ஊர்வழக்கையும் அறியவேண்டும். பனியன் என்பதை அமெரிக்கர் அண்டர்ஷர்ட் என்பர். வெஸ்ட் என்றாலோ அவர்கள் கோட்டினுள் அணியும் கையற்ற சட்டையை நினைப்பர். பனியன் என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுங்கால் ஆலமரத்தின் ஆங்கிலப் பெயராகவும் அமைந்துவிடும். மரத்தைப் பற்றி அறிய வந்த பள்ளி மாணவரின் கிளிக்குக்கும் நாம் பணம் கட்ட நேரும்.

சொல்லோடு எவ்வளவு ஒட்டிய தேடுதலுக்கு விளம்பரம் வரலாம் என்பதற்கு மூன்று வகை உண்டு: விரிந்த பொருத்தம், சொற்றொடர்ப் பொருத்தம், சரியான பொருத்தம். நாம் ஒன்றும் மாற்றாவிடில் விரிந்த பொருத்தமே நிற்கும். அதில் நாம் எண்ணாத தேடுதல்களுக்கும் விளம்பரம் காட்டப்படும். புதிதாகத் தொடங்குவோர் பின்னிரண்டையே கைக்கொள்ளுதல் நலம்.

களை எடுத்தல்

வேண்டாத சொற்களைக் குறித்துக் கொடுத்து, அவை வரும் தேடுதலில் விளம்பரம் தோன்றாதவாறு தடுக்கலாம். திருப்பூர்த் தொழிலுக்கு இது இன்றியமையாதது. ‘திருப்பூர் பனியன் கம்பெனி’ என்று தேடுபவரில் சரக்கு வாங்குபவரேயன்றி வேலை தேடுபவரும் பலர். ஆகவே ‘வேலை’, ‘சம்பளம்’, ‘தையல் பயிற்சி’, ‘பழைய மெஷின்’, ‘இலவசம்’ முதலியவற்றை முதல் நாளிலேயே விலக்குச் சொற்களாகச் சேர்க்கவேண்டும். புதுச் சரக்கு மட்டும் விற்பவர் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’, ‘செகண்ட்ஸ்’ ஆகியவற்றையும் சேர்ப்பாராக. உண்மையில் மக்கள் எழுதித் தேடிய சொற்களின் பட்டியலைக் கணக்குப் பக்கத்தில் காணலாம். வாரம் ஒருமுறை அதனைப் பார்த்து வேண்டாதவற்றைக் களைந்துவர, நாளடைவில் செலவு சீர்படும். களையெடுக்காத காட்டில் உரமிடுவோர் களையையே வளர்க்கிறார்கள்.

இடத்தையும் வரையறுக்கவேண்டும். தென்னங்கன்று விற்கும் உடுமலைப்பேட்டை நாற்றங்காலுக்குக் கன்று சேதமின்றிச் செல்லும் தொலைவே எல்லை. டி சர்ட்டு எந்த மாகாணத்திற்கும் செல்லும். எனினும் லாரி வாடகை லாபத்தை விழுங்கும் இடங்களை நீக்கலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு: அவ்விடத்தில் இருப்போர் மட்டுமன்றி, அவ்விடத்தில் நாட்டம் காட்டுவோர்க்கும் விளம்பரம் காட்டுமாறு கூகுளின் ஏற்பாடு முதலிலேயே அமைந்திருக்கும். வேண்டாதவர் அதனை மாற்றிக்கொள்க. தேடல் பக்கத்திற்கு வெளியே பிற இணையப் பக்கங்களிலும் விளம்பரம் காட்டும் ஏற்பாட்டையும் தொடக்கத்தில் நிறுத்தி வைத்தல் நன்று.

பக்கமும் பருவமும்

தொட்டு வந்தவர் காணும் பக்கத்தில், அவர் கேட்ட பொருளே கண்முன் இருத்தல் வேண்டும். துணியின் கனம் எத்தனை ஜி.எஸ்.எம்., குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை, விலை எவ்வளவிலிருந்து, எத்தனை நாளில் சரக்குப் புறப்படும், யாரை எந்த எண்ணில் அழைப்பது என்னும் ஐந்தும் தெளிவாக இருக்கட்டும். குறைந்தபட்சம் 100 என்று விளம்பர வாசகத்திலேயே எழுதிவிட்டால், ஒன்று வாங்க வருபவர் தொடாமலே விலகுவர். நமக்குச் செலவு மிச்சம். விளம்பரம் ஓடும் நேரத்தில் டெலிபோனை எடுக்க ஆள் இருக்கவேண்டும். ஆள் இல்லாத இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதனை நிறுத்தி வைக்க வசதி உண்டு.

ஆண்டு முழுதும் ஒரே அளவு செலவிடுதல் முறையன்று. பள்ளி விளையாட்டு உடைக்குச் சித்திரை, வைகாசி. உள்ளாடைக்குத் தீபாவளிக்கு முந்திய மாதங்கள். தேர்தல் வந்தால் கட்சி டி சர்ட்டு. பருவம் அறிந்து விதைப்பதுபோலப் பருவம் அறிந்து செலவிடுக.

தினச் செலவுக்கு வரம்பு வைக்கலாம். நாளொன்றுக்கு 300 ரூபாய் என்று வைத்தால், தேடுவோர் மிகுந்த நாளில் 600 வரை போகக்கூடும். ஆயினும் மாதத்தில் 9,120 ரூபாயைத் தாண்டாது. முதல் நூறு கிளிக்கைக் கொண்டு முடிவு கட்டுதல் கூடாது. நூற்றுக்கு இரண்டு ஆர்டர் சராசரியாக வரக்கூடிய தொழிலிலும், முதல் நூறில் ஒன்றும் வராதுபோக ஏழெட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சில நூறு கிளிக் கண்ட பின்னும் கணக்குக் கட்டாவிடில் தயங்காது நிறுத்துக. நிறுத்திய நாளிலிருந்து செலவும் நின்றுவிடும்.

பிறர் பெயரும் நீதிமன்றமும்

போட்டியாளரின் பெயரையே தேடுசொல்லாகக் கொள்ளலாமா என்று கேட்போர் உளர். சென்னையைச் சேர்ந்த பாரத்மேட்ரிமனி நிறுவனத்தார் இதுபற்றிக் கூகுள்மீதும் போட்டியாளர்மீதும் வழக்குத் தொடுத்தனர். அப்பெயரில் அடங்கிய சொற்கள் தொழிலை விவரிக்கும் பொதுச்சொற்கள் என்று கருதிய சென்னை உயர் நீதிமன்றம், 2010 செப்டம்பரில் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. 2023 ஆகஸ்டில் வேறொரு வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம், பதிவுபெற்ற வணிகப் பெயரைத் தேடுசொல்லாகக் கொள்வது மட்டுமே குற்றமாகாது எனினும், அதனால் வாங்குவோர் மயங்க நேர்ந்தால் உரிமை மீறலாகும் என்று கூறிற்று. ஆதலால் பிறர் பெயரைத் தம் விளம்பர வாசகத்தில் எழுதாதிருப்பதே யோக்கியமும் பத்திரமும் ஆகும். தமது பிராண்டுப் பெயரைப் பதிவு செய்து வைப்பது இருபுறமும் காப்பு.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

‘கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறோம், ஆண்டுக்கு இவ்வளவு’ என்று டெலிபோனில் பேசுவோர் கிராமங்களையும் அணுகுகின்றனர். ஒவ்வொரு தேடுதலுக்கும் புதிதாக ஏலம் நடப்பதால், முதலிடத்தை எவரும் உறுதியளிக்க இயலாது. ஏஜெண்டு வைத்துக்கொள்வோர் மூன்று நிபந்தனைகளை வற்புறுத்தவேண்டும். விளம்பரக் கணக்கு உடையவரின் சொந்த ஈமெயிலில் இருக்கவேண்டும். கூகுளுக்குச் சேரும் பணமும் ஏஜெண்டின் கூலியும் தனித்தனியே காட்டப்படவேண்டும். தேடிய சொற்களின் பட்டியலை மாதந்தோறும் காட்டவேண்டும். ஒ.டி.பி. எண் கேட்டுப் பணம் பறிபோயிருந்தால், தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்கு அறிவிக்குமாறு கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் மக்களுக்கு எடுத்துரைப்பாராக. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், இடம், எண் ஆகியவற்றைச் சேர்ப்பதற்குக் கட்டணம் இல்லை என்பதையும் தெரிவிக்கலாம். பணம் செலவிடுமுன் அவ்விலவசப் பதிவைச் செய்து முடிப்பதே முறை.

மேற்கூறிய யாவற்றையும் சுருக்கின், தொடங்குமுன் நோட்டில் எழுதவேண்டியவை மூன்று: ஓர் ஆர்டரில் நிற்கும் லாபம், நூறு பேர் வந்தால் வாங்கக்கூடியவர் எத்தனை பேர், அவர்களில் திரும்ப வாங்குபவர் எத்தனை பேர். இம்மூன்றையும் எழுத முடிந்தவர் சிறு தொகையில் தொடங்கிப் பார்க்கலாம். எழுத முடியாதவர் மூன்று மாதம் தம் விற்பனையைக் குறித்து வைத்து, அதன் பின்னர் ஏலத்தில் இறங்குவாராக. அதுவரை அப்பணம் சொட்டுநீர்க் குழாய்க்கோ நூல் கொள்முதலுக்கோ பயன்படுமாயின் குடும்பத்திற்கு நன்மையே.